அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கோதுமை வயலைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

இருக்கிறது. முதலில் கோதுமையையே எடுத்துக்கொள்வோமே. இன்றைய கான்சஸ் கோதுமைக்கு மூலவித்தான 'டர்க்கி ரெட்' அந்த ஊர்ப் பயிரே இல்லை. 1874-ல் ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகள் கொண்டுவந்த விதை அது.

அதற்கு முன்பே அந்த மண்ணில் ரத்தம் சிந்தியாயிற்று. அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதைக் குடியேறியவர்களே முடிவுசெய்யட்டும் என்று 1854-ல் ஒரு சட்டம் வந்தது. இரு தரப்பும் ஆள் சேர்த்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். கடைசியில், 1861-ல், அடிமை முறை இல்லாத மாநிலமாகவே கான்சஸ் ஒன்றியத்தில் சேர்ந்தது.

மனிதர்கள் என்று பார்த்தால் மதுவை எதிர்த்துப் போராடிய கேரி நேஷன் என்ற பெண்ணைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கிட்டத்தட்ட ஆறடி உயரம், கையில் கைக்கோடரி, நேராக மதுக்கடைக்குள் நுழைந்து பாட்டில்களை நொறுக்குவார். இத்தனைக்கும் கான்சஸில் அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது! அபராதம் கட்டக் குட்டிக் கோடரிகளை நினைவுப்பொருளாக விற்றார்.

எனக்குப் பிடித்தவர் சுசன்னா சால்ட்டர். 1887-ல் ஆர்கோனியா என்ற சிற்றூரில், பெண்களைக் கேலி செய்யச் சில ஆண்கள் அவருக்கே தெரியாமல் அவர் பெயரை மேயர் தேர்தல் சீட்டில் போட்டுவிட்டார்கள். வாக்குப்பதிவு நாளன்று ஆட்கள் வந்து விசாரித்தபோது அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். சரி, ஜெயித்தால் பொறுப்பேற்கிறேன் என்றார். ஜெயித்தார், 27 வயதில். அமெரிக்காவின் முதல் பெண் மேயர் அவர்தான். ஆண்டுச் சம்பளம் 1 டாலர்.