டென்னிசன் டவுன், நீடில்ஸ் சுற்றுநடை: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய ஐல் ஆஃப் வைட் தீவின் மேற்கு முனையில், ஃப்ரெஷ்வாட்டர் பே என்ற சின்னக் குடாவில் தொடங்கி, டென்னிசன் டவுன் என்ற சுண்ணாம்பு மேட்டின் முதுகில் நடந்து, நீடில்ஸ் பாறைகளைப் பார்த்துவிட்டு, மேட்டின் வடக்குச் சரிவு வழியாகத் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிற நடை பற்றிச் சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, மொத்தம் எவ்வளவு தூரம்? எந்தப் பக்கமிருந்து சுற்றுவது நல்லது? நாங்கள் இதற்குப் புதியவர்கள். (ஹாரோ)

கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். வேகமாக நடந்தால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் ஓடி முடிக்கிற இடமில்லை இது, ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். ஃப்ரெஷ்வாட்டர் பேயிலிருந்து மேற்கே ஏறுங்கள். பெரிய ஏற்றம் தொடக்கத்திலேயே வந்துவிடும், 147 மீட்டர் உச்சியில் கல்சிலுவை நிற்கும், அதற்குப் பிறகு மேடு மெல்ல இறங்கி ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். இடது கையில் ஆங்கிலக் கால்வாய், வலது கையில் சோலன்ட் நீரிணை, இரண்டு பக்கமும் கடல். இந்தப் பக்கம் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் வரும், போகும்போது முகத்தில் அடிக்கும். களைத்துத் திரும்பும்போது வடக்குச் சரிவில் வருவதால் மேடே காற்றை மறைத்துக்கொள்ளும். மாற்றிச் சுற்றினால் இந்த வசதி போய்விடும்.

நீடில்ஸைப் பார்க்க அலம் பே வரை காரிலேயே போகலாமே, எதற்கு இவ்வளவு நடக்க வேண்டும்? (ஈஸ்ட் ஹாம்)

போகலாம். கார் நிறுத்தலாம், நாற்காலித் தொங்குவண்டியில் கடற்கரைக்கு இறங்கலாம், போட்டோ எடுக்கலாம். ஆனால் அங்கே நீங்கள் பார்ப்பது வாலை மட்டும்தான். நீடில்ஸ் என்ற மூன்று வெள்ளைப் பாறைகளும் தனியாக முளைத்தவை இல்லை, நீங்கள் நடந்து வருகிற அதே மேடு கடலுக்குள் இறங்கி உடைந்து மிஞ்சிய துண்டுகள். இங்கே சுண்ணாம்புப் படுகைகள் படுத்திருக்கவில்லை, பூமி மடிந்ததில் ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்ந்து நிற்கின்றன, அதனால்தான் இவ்வளவு ஒடுக்கமான முதுகு. வானம் தெளிவாக இருந்தால் கடலுக்கு அப்பால் டார்செட் கரையில் வெள்ளையாக ஓல்ட் ஹாரி பாறைகள் தெரியும், அதுவும் இதே மேட்டின் தொடர்ச்சிதான், நடுவில் இருந்ததைக் கடல் தின்றுவிட்டது. ஊசி என்று பெயர் வரக் காரணமான உயரமான நான்காவது பாறை 1764 புயலில் விழுந்துபோனது. மேட்டில் ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்து அந்த இடைவெளியைப் பார்க்கிறவருக்கு இதெல்லாம் சொல்லாமலே விளங்கும். கார் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால் மூன்று பாறை, ஒரு கலங்கரை விளக்கம், அவ்வளவுதான்.

இன்னொன்று. வழியில் ஓரிடத்தில் உட்கார்ந்து புல்லைக் கிட்டத்தில் பாருங்கள். தூரத்திலிருந்து வெறும் புல்வெளி, குனிந்தால் தைம் என்ற வாசனைச் செடி, சின்ன மஞ்சள் பூ, விரல் உயரம்கூட இல்லாத ஊதாப் பூ. இப்படிச் சுண்ணாம்புப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் 30, 40 வகைச் செடிகள்கூட இருக்கும். மண் ஆழமில்லை, சத்தும் இல்லை, ஆடு மாடு முயல் எல்லாம் மேய்ந்து குட்டையாகவே வைத்திருக்கின்றன, அதனால் எந்தச் செடியும் மற்றதை மூடி வளர முடிவதில்லை. மேய்ச்சலை நிறுத்தினால் சில வருடங்களில் புதர் மண்டிவிடும்.

எட்டு வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா? விளிம்பில் வேலி இருக்கிறதா? (குராய்டன்)

மேட்டின் தென்விளிம்பில் பெரும்பாலும் வேலி கிடையாது. எட்டு வயது நன்றாக நடக்கும், ஆனால் விளிம்புப் பக்கம் கையை விடாதீர்கள். மேலே புல் கெட்டியாகத் தெரியும், அடியில் சுண்ணாம்பு குடைந்து போயிருக்கும், மழைக்கும் உறைபனிக்கும் பிறகு சொல்லாமல் சரியும். ஃப்ரெஷ்வாட்டர் பேயில் வளைவுப் பாறை ஒன்று நின்றது, 1992 அக்டோபரில் அப்படியே விழுந்துவிட்டது. செல்ஃபிக்காக நுனியில் போய் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பலத்த காற்று எச்சரிக்கை இருந்தால் அன்று மேலே ஏறவே வேண்டாம், வடக்குச் சரிவின் கீழ்ப்பாதையிலேயே போய்த் திரும்புங்கள்.

உச்சியில் இருக்கிற சிலுவை யாருக்காக? (ரெடிங்)

கவிஞர் டென்னிசனுக்காக. 1853இல் மேட்டின் அடிவாரத்தில் இருக்கும் ஃபாரிங்ஃபோர்டு வீட்டுக்குக் குடிவந்தார், இந்த மேட்டில் நடப்பது அவருக்கு வழக்கம். முன்பு இங்கே மாலுமிகளுக்கு அடையாளமாக ஒரு மரக்கம்பம் இருந்தது. அதன் இடத்தில் 1897இல் கருங்கல் சிலுவையை நிறுத்தினார்கள், இதுவும் கப்பல்களுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்றுதான். திரும்பும்போது ஃபாரிங்ஃபோர்டு பக்கமாக இறங்குங்கள். குடாவுக்கு வந்து சேரும் இடத்தில் ஓலைக்கூரை மாதிரி நாணல் வேய்ந்த செயின்ட் ஆக்னஸ் தேவாலயம் இருக்கிறது. 1908இல் கட்டியதுதான், ஆனால் பல நூறு வயது போலத் தெரியும்.

அங்கே ராக்கெட் சோதனை நடந்ததாமே, நிஜமா? (சென்னையிலிருந்து, மகள் வீட்டுக்கு வர இருப்பவர்)

நிஜம்தான் ஐயா. முனையில் இரண்டு பீரங்கி மேடைகள் உண்டு. பழையது 1860களில் பிரெஞ்சுப் படை வந்துவிடுமோ என்ற பயத்தில் கட்டியது, அதற்குள் ஒரு சுரங்கவழி கடலைப் பார்த்த தேடுவிளக்கு அறைக்குக் கொண்டுபோகும், நீடில்ஸ் மிகக் கிட்டத்தில் தெரிவது அங்கேதான். புதியது 1890களில் வந்தது. அதையொட்டிய சரிவில்தான் 1950களிலிருந்து 1971 வரை பிளாக் நைட், பிளாக் ஆரோ ராக்கெட்டுகளின் எஞ்சின்களை இறுகக் கட்டிவைத்து எரித்துச் சோதித்தார்கள். ஏவியது இங்கிருந்து அல்ல, ஆஸ்திரேலியாவில் வூமேராவிலிருந்து. 1971 அக்டோபரில் பிளாக் ஆரோ கொண்டுபோன ப்ராஸ்பெரோ செயற்கைக்கோள்தான் பிரிட்டன் தன் சொந்த ராக்கெட்டில் அனுப்பிய ஒரே செயற்கைக்கோள். கான்கிரீட் மேடைகள் இன்னும் நிற்கின்றன.

என் அப்பா இலங்கை மலையகத்தில் இருக்கும் பொகவந்தலாவைக்காரர். அங்குள்ள ஒரு கல்லறைக்கும் ஃப்ரெஷ்வாட்டருக்கும் தொடர்பு என்று அவர் சொல்லுவார். தெரியுமா அக்கா? (டூட்டிங்)

தெரியும், இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன். கல்கத்தாவில் பிறந்தவர். ஃப்ரெஷ்வாட்டர் பேயில் அவர் வாழ்ந்த வீட்டின் பெயர் டிம்போலா, இலங்கையில் குடும்பத்துக்கு இருந்த தோட்டத்தின் பெயர். 48 வயதில் மகள் கொடுத்த கேமராவை வைத்துத் தொடங்கி, கோழிக்கூட்டை ஸ்டூடியோவாக்கி, டென்னிசனையும் டார்வினையும் படமெடுத்தார். இவர் கணவர்தான் இலங்கை வரலாற்றுப் பாடத்தில் வரும், இலங்கை ஆட்சிமுறையைச் சீர்திருத்த பிரிட்டன் அனுப்பிய கோல்புரூக்-கமரன் ஆணைக்குழுவின் கமரன். 1875இல் இருவரும் இலங்கைக்கே போய்விட்டார்கள். 1879இல் இறந்த ஜூலியாவை பொகவந்தலாவை தேவாலயத்தில்தான் அடக்கம் செய்தார்கள், பிறகு கணவரையும் அங்கேயே. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் சாதாரண உழைக்கும் மக்களும் இருக்கிறார்கள். டிம்போலா இப்போது அருங்காட்சியகம், நடையின் தொடக்கப் புள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்பாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கீழேயே உட்கார வைக்க மனமில்லை. (ஸ்லவ்)

உட்கார வைக்க வேண்டாம். அலம் பேயிலிருந்து பழைய பீரங்கி மேடை வரை தார் ரோடு இருக்கிறது, பொதுமக்களின் கார்களுக்கு அனுமதியில்லை. சீசனில் நீடில்ஸ் பிரீசர் என்ற மேல்தளம் திறந்த பஸ் அங்கே வரை ஏறும். அம்மா பஸ்ஸில் வரட்டும், நீங்கள் மேட்டில் நடந்து வந்து அங்கே சந்தியுங்கள்.

எந்த மாதம்? என்ன செருப்பு? சாப்பாடு? (மில்டன் கீன்ஸ்)

மே முதல் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் நீல வண்ணத்துப்பூச்சிகள் புல்லோடு புல்லாகப் பறக்கும். செருப்பு வேண்டவே வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ. நனைந்த சுண்ணாம்பு, எண்ணெய் கொட்டிய தரை மாதிரி வழுக்கும். மேட்டில் நிழலும் இல்லை, குழாயும் இல்லை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் கடற்புறாக்கள் கையிலிருந்தே பிடுங்கும்.

கார் இல்லாமல் லண்டனிலிருந்து ஒரே நாளில் முடியுமா? (வெம்பிளி)

முடியும், விடியற்காலையில் கிளம்ப வேண்டும். வாட்டர்லூவிலிருந்து பிராக்கன்ஹர்ஸ்ட், அங்கே மாறி லிமிங்டன் பியர், ரயிலை விட்டு இறங்கினால் எதிரிலேயே ஃபெரி. 40 நிமிடத்தில் யார்மத். காரை ஏற்றினால் செலவு பல மடங்கு, நடந்து ஏறுவதுதான் மலிவு. யார்மத்திலிருந்து பஸ் பிடிக்கலாம், நேரமிருந்தால் 1953இல் மூடிய ரயில்பாதையின் தடத்தில் யார் ஆற்றங்கரையோரமாகவே ஃப்ரெஷ்வாட்டருக்கு நடந்து போகலாம், சமதரைதான். ஆனால் ஒரே நாளில் இதையும் சேர்த்தால் கால் தாங்காது, ஓரிரவு தங்குபவர்களுக்குச் சொல்கிறேன். திரும்புகிற ஃபெரி நேரத்தையும் அதற்குச் சேரும் பஸ்ஸையும் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள், சீசன் முடிந்தால் பஸ்கள் ரொம்பக் குறைந்துவிடும்.