மழை வரைபில் 75, 100, 150: கோடு ஏன் இடம் மாறுகிறது?

பண்டாரவளைப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "பிள்ளைகளோடு சேர்ந்து தினமும் மழை அளக்கிறோம். மாத முடிவில் எக்செலில் சலாகை வரைபு போட்டுச் சுவரில் ஒட்டுகிறோம். மண்சரிவு எச்சரிக்கைக்கான 75, 100, 150 மில்லிமீற்றர் கோடுகளையும் அதில் காட்ட ஆசை. ஆனால் மாதத்துக்கு மாதம் அச்சு தானாக மாறுகிறது, நான் வரைந்த கோடு வேறெங்கோ போய் நிற்கிறது. என்ன செய்யலாம்?"

டீச்சர், உங்கள் கோடு அசையவே இல்லை. அதன் பின்னால் அச்சுத்தான் நகர்ந்திருக்கிறது. அதனால் முதலில் அச்சைக் கட்டிப்போடுவோம்.

அச்சு எதில் முடிய வேண்டும் என்பதை எக்செல் அந்த மாதத்து எண்களைப் பார்த்தே தீர்மானிக்கிறது. ஆகக் கூடிய மழை 28 மி.மீ. என்றால் அச்சை 30இல் நிறுத்தும். 131 என்றால் 140இல் நிறுத்தும். இரண்டு தாளிலும் பெரிய சலாகை மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அருகருகே ஒட்டினால், "போன மாசமும் இதே மழைதானே டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்கத்தான் செய்யும். பிள்ளை மேல் பிழை இல்லை. அதோடு, 30இல் முடிந்த தாளில் 75க்கு இடமே கிடையாது.

நிலைக்குத்து அச்சை இரண்டு தடவை கிளிக் செய்தால் வலப்பக்கத்தில் ஃபோமட் அக்சிஸ் திறக்கும். பவுண்ட்ஸ் என்பதன் கீழ் மினிமத்துக்கு 0, மெக்சிமத்துக்கு 250, அதற்குக் கீழே மேஜர் யூனிட்டுக்கு 25 என்று நீங்களே அடியுங்கள். பக்கத்தில் ரீசெட் என்ற சொல் தெரிந்தால் எண் நிலைத்துவிட்டது என்று பொருள். ஏன் 25? 75, 100, 150 மூன்றும் 25இன் மடங்குகள், ஆகவே மூன்று கோடுகளும் கட்டக் கோடுகளின் மேலேயே சரியாக விழும். என்றாவது 250ஐத் தாண்டிப் பெய்தால் எக்செல் ஒன்றும் சொல்லாமல் சலாகையின் தலையை வெட்டிவிடும். அப்போது அந்த ஒரு மாதத்தை மட்டும் மாற்றாமல் எல்லா மாதத்தையும் 300க்கு மாற்றி மறுபடி அச்சடியுங்கள்.

மழை குறைந்த மாதங்களுக்குச் சின்ன அச்சு போதாதா என்று தோன்றலாம். வேண்டாம். கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்தது 2014 ஒக்டோபர் 29. தென்மேல் பருவப்பெயர்ச்சி ஓய்ந்து, வடகீழ் இன்னும் தொடங்காத இடைக்காலம் அது. எந்த மாதத்துக்கு அந்த 150 தேவைப்படாது என்று நாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அடுத்தது கோடு. ஷேப்ஸில் இருந்து கோட்டை எடுத்து வரைபின் மேல் இழுத்து வைத்திருப்பீர்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். ஓர் அறிக்கையில் அச்சு 160 வரை இருந்தபோது 150இல் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் "150" என்றும் எழுதி வைத்தேன். பிறகு புதிதாக 182 மி.மீ. நாள் ஒன்று தரவில் சேர்ந்தது. அச்சு 200க்கு ஏறியது. என் கோடு தாளில் இருந்த இடத்திலேயே இருந்தது, அதாவது புது அச்சில் ஏறத்தாழ 187இல். 182 மி.மீ. மழை "150" என்ற கோட்டுக்குக் கீழே அடக்கமாக நின்றுகொண்டிருந்தது! அறிக்கை கைமாறி இரண்டு வாரம் கழித்து நானேதான் கண்டுபிடித்தேன்.

ஆகவே கோட்டையும் தரவாகவே கொடுங்கள். திகதி, மழை ஆகிய நிரல்களுக்கு அடுத்ததாக மூன்று நிரல்கள்: ஒன்றில் மாதம் முழுக்க 75, மற்றதில் 100, மற்றதில் 150. முதல் கட்டத்தில் எண்ணை அடித்துக் கீழே இழுத்துவிட்டால் போதும். வரைபில் சேர்த்ததும் அவையும் சலாகைகளாகவே வந்து பயமுறுத்தும். ஒன்றின் மேல் வலது கிளிக் செய்து, சேஞ்ச் சீரிஸ் சார்ட் டைப் போய், அந்த மூன்றை மட்டும் லைன் ஆக்குங்கள். அங்கே செக்கண்டரி அக்சிஸ் என்ற பெட்டியில் சரி அடையாளம் விழுந்துவிடாமல் பாருங்கள். விழுந்தால் கோடு வேறோர் அளவுகோலில் போய் உட்கார்ந்துவிடும். இனி அச்சை என்ன செய்தாலும் 150 என்றால் 150தான்.

கோடு முதல் சலாகையின் நடுவில் தொடங்கிக் கடைசிச் சலாகையின் நடுவில் முடியும். அது கண்ணை உறுத்தினால் அந்தக் கோட்டுக்கு நேர் டிரெண்ட்லைன் ஒன்று சேர்த்து, முன்னுக்கும் பின்னுக்கும் 0.5 கொடுங்கள். நான் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவேன். நிறத்தில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு சரிதான், ஆனால் பாடசாலைப் போட்டோ கொப்பியில் மஞ்சள் காணாமல் போகும். புள்ளிக்கோடு, விட்டுவிட்டு வரும் கோடு, முழுக்கோடு என்று வேறுபடுத்துங்கள்.

மினிமம் ஏன் 0 என்பதற்கு மழையை விடத் தேயிலைக் கொழுந்து நல்ல உதாரணம். ஒரு டிவிஷனில் ஆளுக்குச் சராசரி 17.2 கிலோ, மற்றதில் 18.1. இப்படி எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்செல் தன்பாட்டில் 0ஐ விட்டுவிடும். அச்சு 16.5இல் தொடங்கினால் ஒரு சலாகைக்கு உயரம் 0.7, மற்றதற்கு 1.6. ஒரு கிலோ கூட இல்லாத வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல் தெரியும், கங்காணிக்கு வீணாகப் பேச்சு விழும். சலாகை நீளத்தால் பேசுகிறது, அதனால் அடியை வெட்டக் கூடாது. நுவரெலியா வெப்பநிலையைக் கோட்டு வரைபாகப் போடும்போது இந்தக் கட்டாயம் இல்லை.

பிற்காலத்தில் எக்செலை விட்டு ஆர் என்ற நிரல் மொழிக்கு மாறினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அதில் வரைபு போடும் ஜிஜிபிளாட்டில் அச்சின் எல்லையை வைலிம் என்ற கட்டளையால் கொடுத்தால் எல்லைக்கு வெளியே உள்ள நாளின் சலாகை முழுதாகவே காணாமல் போகும், சராசரியும் அது இல்லாமலே கணக்கிடப்படும். தரவைத் தொடாமல் பார்வையை மட்டும் குறுக்க கோர்ட் கார்ட்டீசியன் என்ற கட்டளை இருக்கிறது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் 75, 100, 150 என்பவை 24 மணித்தியால மழைக்கானவை. உங்கள் சலாகையோ காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. திங்கள் நள்ளிரவில் பிடித்த மழை செவ்வாய் மாலை ஆறு மணிக்கு விட்டது என்று வையுங்கள். செவ்வாய்க் காலை அளவு 95, புதன் காலை அளவு 90. வரைபில் இரண்டும் 100க்குக் கீழே. உண்மையில் 18 மணித்தியாலத்தில் 185 மி.மீ. பெய்திருக்கிறது, 150ஐத் தாண்டிவிட்டதால் மக்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டிய அளவு அது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு நாட்களின் கூட்டுத்தொகையை இன்னொரு நிரலில் போட்டுச் சிறு புள்ளிகளாகக் காட்டுங்கள். புள்ளி 150ஐத் தாண்டினால் அந்த இரண்டு நாளும் எந்த நேரத்தில் பெய்தது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்புறம், ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. பெய்தாலும் வெளியேற வேண்டும் என்பதும் அதே எச்சரிக்கையில் உண்டு. எண் ஒன்றாக இருப்பதால் அதையும் இந்த வரைபின் 75 கோட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். அதற்குச் சுவரில் இடமில்லை. லயத்துப் பக்கம் இன்னொரு மழைமானி வைத்து, கனமழை பிடிக்கும்போது நீர்மட்டத்தில் ஒரு குறி போட்டு, ஒரு மணித்தியாலம் கழித்து டோர்ச் அடித்துப் பார்க்க ஒருவரைப் பழக்குங்கள். இரவில் பாடசாலை பூட்டியிருக்குமே.