கார் முன் கண்ணாடி வாஷர் நாசிலை நாமே மாற்றலாமா? மாற்றினால் வித்தியாசம் தெரியுமா?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான். வாஷர் போட்டால் கண்ணாடியில் இரண்டு கோடாக மட்டும் தண்ணீர் விழுகிறது, வைப்பர் அதை இழுத்து அழுக்கை இன்னும் நன்றாகப் பூசிவிடுகிறது. விசிறி மாதிரி பரவலாகத் தெளிக்கும் நாசிலை வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாமா, அதனால் நிஜமாகவே பலன் உண்டா?

மாட்டலாம். பலன் நன்றாகவே தெரியும். ஆனால் நான் முதல் தடவை மாட்டிய புது நாசில் பதினைந்து நாளைக்குள் அடைத்துக்கொண்டது. இரண்டாவது தடவை மாட்டியது நான்கு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடுகிறது. இரண்டுமே ஒரே வகை நாசில்தான். அதனால் நாசிலைப் பற்றி மட்டும் சொன்னால் பதில் பாதியாகத்தான் இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் டியூப், பம்ப், டேங்க் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்கு இந்த வேலையில் அக்கறை வந்ததற்கு ஒரு சாயங்காலம் காரணம். சூரியன் நேர் எதிரே இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் போன லாரி சேற்றுக் குட்டையில் சக்கரத்தை விட்டதும் என் கண்ணாடி முழுக்கச் சேறு. வாஷர் லீவரை இழுத்தேன். பம்ப் ஓடும் சத்தம் கேட்டது, தண்ணீர் வரவில்லை. வைப்பர் முந்திக்கொண்டு இரண்டு தடவை போய் வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் இரண்டு மெல்லிய கோடு ஏறி வந்தது. அந்த மூன்று விநாடியும் எனக்கு எதிரே சாலையே இல்லை, பழுப்பு நிறத்தில் ஒரு வெளிச்சம் மட்டும்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். அப்படியென்றால் 50 மீட்டர் தூரம் எதையும் பார்க்காமல் ஓட்டியிருக்கிறேன். அன்றைக்கு யாரும் குறுக்கே வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

அதில் இரண்டு கோளாறு சேர்ந்திருந்தது. தண்ணீர் தாமதமாக வந்தது ஒன்று, வந்ததும் கோடாக மட்டும் வந்தது இன்னொன்று. இரண்டாவதற்குத்தான் நாசில் பொறுப்பு. முதலாவதற்கு வேறு மருந்து.

பழைய வகை நாசிலுக்குள் சின்ன உருண்டை ஒன்றோ இரண்டோ இருக்கும், உருண்டையில் ஊசித் துளை இருக்கும். தண்ணீர் நூல் மாதிரி கிளம்பிப் போய்க் கண்ணாடியில் ஒரே இடத்தில் விழுந்து கீழே வழிந்துவிடும். மற்ற இடத்துக்கெல்லாம் வைப்பர்தான் அதை எடுத்துப் போக வேண்டும். எடுத்துப் போவதற்குள் காய்ந்த மண்ணின் மேல் ரப்பர் உரசுகிறது. கண்ணாடியில் வில் வடிவத்தில் மெல்லிய கீறல் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விசிறி வகை நாசிலுக்குள் இருப்பது தட்டையான ஒரு குட்டி அறை. அதில் அசையும் பாகம் எதுவுமே கிடையாது. உள்ளே பாயும் தண்ணீர் ஒரு பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓடும். அதில் கொஞ்சம் பக்கத்து வாய்க்கால் வழியாகத் திரும்பி வந்து, தாரையை அந்தச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குத் தள்ளிவிடும். அங்கேயும் அதே கதை. இப்படித் தாரை இடமும் வலமுமாகப் படுவேகத்தில் ஆடுவதால் நம் கண்ணுக்கு அது விரித்த விசிறியாகத் தெரிகிறது. பாயும் திரவத்தின் போக்கைத் திரவத்தாலேயே திருப்புகிற இந்த யோசனை 1960 வாக்கில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் உருப்பெற்றது. ராக்கெட்டுக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் என்று நினைத்துச் செய்தது, இன்றைக்கு நம் பானெட் மேல் உட்கார்ந்திருக்கிறது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு துண்டு பிளாஸ்டிக்தான். அதற்குள் இவ்வளவு வேலை நடக்கிறது என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

அந்த வாய்க்கால் அவ்வளவு குறுகலாக இருப்பதால்தான் இதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ஒரு சின்னத் துகள் சிக்கினால்கூட ஆட்டம் நின்று, விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். என் முதல் நாசிலுக்கு நடந்தது அதுதான்.

புது நாசில் வாங்கும்போது நான் பார்ப்பது மூன்று விஷயம். முதலில், பழையதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். பானெட்டில் இருக்கும் ஓட்டை வட்டமா, செவ்வகமா, எவ்வளவு அகலம், கிளிப் எந்தப் பக்கம் கடிக்கிறது என்பதெல்லாம் அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஒரே கம்பெனி தன் பழைய மாடலுக்கும் புது மாடலுக்கும் ஒரே ஓட்டையை வைத்திருப்பது உண்டு. பழைய மாடலில் உருண்டை நாசில் இருக்கும், புதியதில் விசிறி நாசில் இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் அதுதான் சுலபம். ஓட்டை பொருந்தவில்லை என்று பானெட்டை டிரில் போட்டுப் பெரிதாக்குவது மட்டும் வேண்டாம். பெயின்ட் போன விளிம்பில் தண்ணீர் நின்று துரு பிடிக்கும். அடுத்து டியூப் சொருகும் முனை. பல கார்களில் டியூபின் உள்விட்டம் 4 மி.மீ. அளவில் இருக்கும், முனை அதற்கு இறுக்கமாக இருக்க வேண்டும். கடைசியாக, பழைய நாசிலில் இரண்டு கம்பி போகிறதா என்று பாருங்கள். குளிர் பிரதேசத்து கார்களில் நாசில் உறையாமல் இருக்க உள்ளேயே ஹீட்டர் இருக்கும், புதியதிலும் அதே கனெக்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வைப்பர் கையிலேயே தண்ணீர் வரும் கார் என்றால் இந்த மாற்றமே தேவையில்லை.

இனி, நான் முதல் தடவை செய்யத் தவறிய வேலை. புது நாசிலை மாட்டுவதற்கு முன்னால் பழைய நாசிலிலிருந்து டியூபைக் கழற்றி, அதன் முனையை ஒரு வெறும் பாட்டிலுக்குள் விட்டு, இன்னொருவரை வாஷர் லீவரை இழுக்கச் சொல்லுங்கள். சர்ரென்று ஒரே வேகத்தில் வந்தால் சரி. விட்டு விட்டு வந்தாலோ சொட்டினாலோ, கோளாறு இன்னும் பின்னால் இருக்கிறது, நாசிலை மாற்றிப் பயனில்லை. டியூப் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். பானெட் கீல் இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் மடங்கும், ஒவ்வொரு தடவை பானெட்டைத் திறக்கும்போதும் அது அங்கே நெளிகிறது.

எனக்கு டியூபில் ஒன்றும் இல்லை. பம்ப் டேங்க்கின் அடியில் ஒரு ரப்பர் வளையத்துக்குள் சொருகியிருக்கும். கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு அதை மெதுவாகத் திருகி உருவினேன். ரப்பரோடு சேர்ந்து, தையல்காரர் விரலில் மாட்டும் உறை அளவுக்கு ஒரு சல்லடை வந்தது. அதன் கண்களே தெரியவில்லை. பச்சையும் சாம்பலுமாக ஒரு வழவழப்பான படலம் அதைச் சுற்றி மூடியிருந்தது, விரலால் இழுத்தால் பாசி மாதிரி நீண்டது. டேங்க்கின் அடியில் அதே குழம்பு ஒரு விரல் உயரத்துக்கு. வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீரையும், கைக்குக் கிடைத்த இரண்டு மூன்று வகை வாஷர் திரவத்தையும் மாற்றி மாற்றி ஊற்றியதில் வந்தது அது. இந்தக் குழம்பின் மேல்தான் நான் புது நாசிலை மாட்டியிருந்தேன்.

டேங்க்கை முழுதாகக் காலி செய்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, தெளிந்த தண்ணீர் வரும்வரை நான்கைந்து தடவை கழுவினேன். சல்லடையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பம்பைத் திரும்ப மாட்டி, நாசில் இல்லாமலே இரண்டு லிட்டர் தண்ணீரை டியூப் வழியாக வெளியே விட்டேன். பம்பைத் தொடர்ந்து ஓட்டாமல் ஐந்து விநாடி ஓட்டி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டவே கூடாது, அதற்குள் ஓடும் தண்ணீர்தான் அதைக் காப்பாற்றுகிறது. இந்த வேலை முழுதாக ஒரு மணி நேரம் எடுத்தது. நாசில் மாற்றியது பத்தே நிமிடம்.

தாமதத்துக்கு மருந்து ஒன்வே வால்வ். கார் நிற்கும்போது டியூபில் இருக்கும் தண்ணீர் மெல்ல டேங்க்குக்கே இறங்கிவிடும். அடுத்த தடவை பம்ப் அந்த வெற்று டியூபை நிரப்பிய பிறகுதான் நாசிலுக்கு எட்டும். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத இந்த வால்வை டியூப் இரண்டாகப் பிரியும் ஜாயின்ட்டுக்கு முன்னால் வெட்டிச் சேர்த்தால் தண்ணீர் நாசில் அருகிலேயே காத்திருக்கும். வால்வின் மேல் அம்புக்குறி இருக்கும், அது நாசிலைப் பார்க்க வேண்டும். சில நாசில்களுக்குள்ளேயே இந்த வால்வ் இருக்கும், வாயால் இரண்டு பக்கமும் ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். புது நாசிலை வாய் வைத்துப் பாருங்கள், பழையதை வேண்டாம். எந்த மாற்றத்தை முதலில் செய்வது என்று கேட்டால் நான் இந்த வால்வைத்தான் சொல்வேன்.

நாசில் கழற்றுவதில் அவசரம் ஆகாது. பானெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு விரிப்பின் கிளிப்புகளை எடுத்தால் நாசிலின் வால் தெரியும். டியூபைப் பிடித்து இழுக்காதீர்கள், பழைய பிளாஸ்டிக் முனை பட்டென்று உடைந்து டியூபுக்குள்ளேயே தங்கிவிடும். சுடுதண்ணீரில் நனைத்த துணியை இரண்டு நிமிடம் சுற்றி வைத்தால் ரப்பர் இளகி, லேசாகத் திருகியதும் தானாக வரும். அப்புறம் கிளிப்பின் இரண்டு காதையும் விரலால் அமுக்கி மேல் பக்கமாகத் தள்ளினால் நாசில் வந்துவிடும். மேலே இருந்து ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும். புதியதை ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்கும்வரை அமுக்கினால் போதும். பஞ்சு விரிப்பை மூடுவதற்கு முன் ஒரு தடவை வாஷர் போட்டு ஜாயின்ட்டில் கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நான் இப்போது கறாராக இருக்கிறேன். உப்புத் தண்ணீர் காயும்போது நாசில் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், அதனால் டிஸ்டில்டு வாட்டர்தான். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், நுரைத்துக் காய்ந்து கண்ணாடியில் படலமாக நிற்கும். அதற்கென்று விற்கும் வாஷர் திரவத்தை, டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு நீர்க்கக் கலந்து ஊற்றுங்கள். கெட்டியாக இருந்தால் விசிறி சரியாக விரியாது, குளிரில் இன்னும் மோசம். வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் விடுவதும் நல்லதில்லை. 2010-ல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு, வாஷர் திரவம் சேர்க்காத வெறும் தண்ணீருக்கும் லெஜியனெல்லா கிருமியால் வரும் நிமோனியாவுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. அந்தப் பாசிப் படலத்தை விரலில் எடுத்துப் பார்த்த எனக்கு அதை நம்புவது கஷ்டமாக இல்லை.

கடைசி வேலை, குறி வைப்பது. உருண்டை நாசில் என்றால் குண்டூசியை விட்டுத் திருப்பலாம். விசிறி நாசிலில் அது கூடாது, உள்ளே இருக்கும் வாய்க்கால் கீறிவிடும். சிலவற்றில் மேலும் கீழும் மட்டும் நகர்த்த ஒரு சின்னத் திருகு இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண் மட்டத்தில் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். கார் நிற்கும்போது விசிறி அந்தக் காகிதத்துக்குக் கொஞ்சம் மேலே விழ வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்று துளிகளைக் கீழே அமுக்கும், விசிறியின் துளிகள் சின்னவை என்பதால் இன்னும் அதிகமாகவே அமுக்கும். ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும் கார் என்றால் அதன் முன்னாலும் தண்ணீர் படுகிறதா என்று பாருங்கள். பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு, காலியான சாலையில் 60, 80 வேகத்தில் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள். என் காரில் 80-க்கு மேல் தண்ணீர் கண்ணாடியின் அடிப்பாதியிலேயே விழுந்தது. நாசிலில் கண்ணாடியைப் பார்த்திருக்கும் உதட்டுக்கு அடியில், மெல்லிய ரப்பர் ஷீட்டில் வெட்டிய ஒரு சின்னத் துண்டைச் சொருகி அந்தப் பக்கத்தைத் தூக்கிவிட்டேன். இப்போது லீவரை இழுத்ததும் வைப்பர் கிளம்புவதற்குள் கண்ணாடி அகலத்துக்கும் நனைந்துவிடுகிறது.