கைக்குப் பழகாத கேமரா: எந்தப் பொத்தானில் தொடங்குவது?

கேள்வி: என் அக்கா பயன்படுத்திய டிஜிட்டல் கேமரா இப்போது என்னிடம் வந்திருக்கிறது. கைப்பேசியில் மட்டுமே படமெடுத்துப் பழகிய எனக்கு இதிலுள்ள சக்கரங்களையும் பொத்தான்களையும் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தும் எதுவும் மனத்தில் நிற்கவில்லை. வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் கலங்கலாகவே வருகின்றன. எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: கையேடு மனத்தில் நிற்காதது உங்கள் குறையன்று. திரையின் மொழியை மாற்றுவதையும் ஃபோகஸ் புள்ளியை நகர்த்துவதையும் அது ஒரே அளவு முக்கியத்துவத்துடன்தான் விளக்குகிறது. எது அன்றாடம் வேண்டியது, எது ஆண்டுக்கொரு முறை வேண்டியது என்று சொல்வதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் நாம் எடுக்க வேண்டிய முடிவுகள் ஐந்துதான்: கூர்மை எங்கே விழ வேண்டும், லென்ஸின் துவாரம் எவ்வளவு திறந்திருக்க வேண்டும், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓ எவ்வளவு, படம் மொத்தத்தில் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும். இந்த ஐந்தும் உங்கள் கேமராவில் எந்தெந்தப் பொத்தானில் இருக்கின்றன என்பதை மட்டும் கையேட்டில் தேடிக் கண்டுபிடியுங்கள். மற்றவை காத்திருக்கலாம்.

பிறர் பயன்படுத்திய கேமரா என்பதால், அவர் மாற்றிவைத்த அமைப்புகள் பலவும் அதில் அப்படியே இருக்கும். கார்டில் உள்ள படங்களைக் கணினியில் சேமித்துவிட்டு, மெனுவில் ரீசெட் கொடுங்கள். பின்னர் கார்டை அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருந்தால், அதன் ஓரத்தில் உள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி, உள்ளே தெரியும் எண்கள் தெளிவாகும்படி வைத்துக்கொள்ளுங்கள். இது உங்கள் பார்வைக்கான திருத்தம் மட்டுமே, படத்தை மாற்றாது. ஆனால் இதைச் சரிசெய்யாமல் லென்ஸில் கோளாறு என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

அடுத்து, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி நிறுத்தப் பழகுங்கள். பாதி அழுத்தத்தில் கேமரா ஃபோகஸ் செய்து ஒளியை அளக்கிறது. முழு அழுத்தத்தில்தான் படம் பதிவாகிறது. ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்க விட்டால், அது பெரும்பாலும் நமக்கு மிக அருகில் இருக்கும் பொருளைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதை நீங்கள் விரும்பும் இடத்தில், மனிதர்களாயின் கண்ணின் மீது, வைத்து எடுங்கள்.

இனி உங்கள் கலங்கல் படங்களுக்கு வருகிறேன். அவற்றில் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. பின்னால் உள்ள சுவர் கூர்மையாக இருந்து, முன்னால் ஓடும் குழந்தை மட்டும் இழுபட்டிருந்தால் அசைந்தது குழந்தை. எதுவும் இழுபடாமல், நீங்கள் நினைத்ததற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள பொருள் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. மூன்றும் வேறு வேறு நோய்கள். மூன்றாவதற்கு மருந்தை மேலே சொல்லிவிட்டேன், முதலிரண்டுக்கும் ஷட்டர் வேகமே மருந்து. 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 நொடியை விட மெதுவாகப் போகக்கூடாது என்பது பழைய கணக்கு. ஒளியைப் பதிவுசெய்யும் சில்லான சென்சார் சிறியதாக உள்ள கேமராவில் 1/80 பாதுகாப்பானது. ஓடியாடும் குழந்தைக்கு 1/250 நொடியாவது வேண்டும். லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கையின் அசைவைத்தான் குறைக்கும், குழந்தையின் அசைவை நிறுத்தாது.

இந்த வேகம் வீட்டுக்குள் ஏன் கிடைப்பதில்லை என்பதை ஒரு பயிற்சியால் நீங்களே காணலாம். மோட் சக்கரத்தை, நிக்கான் போன்றவற்றில் ‘ஏ’ என்றும் கேனானில் ‘ஏவி’ என்றும் குறிக்கப்பட்ட இடத்துக்குத் திருப்புங்கள். இதில் துவாரத்தை நீங்கள் முடிவு செய்ய, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓவை 400இல் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் பாடம் புலப்படாது. ஜன்னலோரம் ஒரு பொருளை வைத்து, துவாரத்தின் அளவைக் குறிக்கும் எஃப் எண்ணை 4, 5.6, 8 என மாற்றி மாற்றி எடுங்கள்; எண் கூடக்கூடத் துவாரம் சிறிதாகும். இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் ஒளியைப் பாதியாக்குகிறது என்பதால், எஃப் 4இல் 1/60 நொடி காட்டிய கேமரா, எஃப் 8இல் 1/15 நொடிக்கு இறங்கும். அந்த வேகத்தில் கையை அசைக்காமல் நிற்பது கடினம். கேமராவுடன் வழக்கமாக வரும் 18–55 மி.மீ. லென்ஸில், ஜூம் செய்து 55க்குப் போகும்போது அதிகபட்சத் துவாரமே எஃப் 3.5இலிருந்து 5.6க்குச் சுருங்கிவிடுகிறது, கை நடுக்கமும் பெரிதாகித் தெரிகிறது. எனவே வீட்டுக்குள் ஜூமைத் தவிர்த்து இரண்டடி முன்னே நகருங்கள். ஐஎஸ்ஓவை 1600, தேவையானால் 3200 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம். படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் சற்றுக் கூடும். அவற்றைப் பின்னர் மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், அசைந்துபோன முகத்தை மீட்பது அரிது.

எனக்கு மிகவும் பிடித்த பொத்தான், படத்தின் மொத்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், கூட்டல் கழித்தல் குறிகள் போட்ட அந்தச் சிறு பொத்தான்தான். தொடக்கநிலையாளர்கள் அதைத் தொடாமலே விடுவது எனக்கு வருத்தம். கேமராவின் ஒளிமானி, தன் முன் இருப்பது சராசரியான சாம்பல் நிறம் என்று கருதியே அளக்கிறது. ஆகவே வெள்ளைச் சுவர் மங்கிய சாம்பலாகவும், கறுப்புத் துணி வெளுத்த சாம்பலாகவும் வந்து சேரும். வெள்ளைப் பொருளுக்கும், ஜன்னலுக்கு முன் நிற்பவரின் முகத்துக்கும் +1 கொடுங்கள், கறுப்புக்கு –1. எடுத்து முடித்ததும் பூஜ்யத்துக்குத் திருப்ப மறக்காதீர்கள், பல கேமராக்களில் அது தானாகத் திரும்பாது.

ஒரு வாரத்துக்கு ஒரு கட்டுப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் விரல் தானாக அந்தப் பொத்தானைத் தொடும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். துவாரம், ஷட்டர் வேகம் இரண்டையும் நாமே நிலைநிறுத்தும் முழு மேனுவல் முறையான ‘எம்’ இப்போதைக்குத் தேவையில்லை. ஒளி மாறாமல் பின்னணி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு மேடை நிகழ்ச்சியைப் படமெடுக்கும் நாளில், படத்துக்குப் படம் வெளிச்சம் கூடிக் குறைவது உங்களைச் சலிப்படையச் செய்யும். ‘எம்’மைக் கற்கத் தகுந்த நாள் அதுதான்.