20 லிட்டர் தேநீருக்கு எந்தப் பம்ப்?

கேள்வி: அக்கா, நானும் அம்மாவும் பட்டர்வொர்த் வீட்டில் கொம்புச்சா (இனிப்புத் தேநீரைப் புளிக்க வைத்துச் செய்யும் பானம்) போடுகிறோம். ஒரு தடவைக்கு 20 லிட்டர். கொதித்த தேநீர்ப் பானையைத் தூக்கி ஜாடியில் ஊற்ற அம்மா சிரமப்படுகிறார். மீன்தொட்டி பம்ப் மலிவாகக் கிடைக்கிறது. மேக்னடிக் டிரைவ் பம்ப் பல மடங்கு விலை. எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, அம்மா அந்தப் பானையைத் தூக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். தேநீர் மட்டுமே 20 கிலோ, அதுவும் கொதிக்கக் கொதிக்க.

மீன்தொட்டி பம்ப் வேண்டவே வேண்டாம். அது சாதாரணத் தண்ணீருக்குச் செய்தது, சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும்.

மேக்னடிக் டிரைவில் மோட்டாருக்கும் தேநீருக்கும் தொடர்பே கிடையாது. உள்ளே இருக்கும் விசிறியைக் காந்தம் வெளியிலிருந்து சுற்றுகிறது. நான்கு திருகாணியைக் கழற்றினால் தலைப்பகுதி கையோடு வந்துவிடும், கழுவுவது சுலபம். ஆனால் அது தானாக உறிஞ்சாது. பானையின் குழாய்க்குக் கீழே வைத்து, தேநீர் உள்ளே இறங்கி நிறைந்த பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். என் முதல் பம்ப் அப்படித்தான் போனது: வால்வைத் திறக்க மறந்து வெறுமனே ஓட விட்டேன், உள் அச்சு தேய்ந்துவிட்டது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளியே போகும் பக்கத்து வால்வை மூடுங்கள், உள்ளே வரும் பக்கத்தைத் தொடாதீர்கள்.

அப்புறம், பெட்டியில் 'அதிகபட்ச உயரம் 3 மீட்டர்' என்று போட்டிருந்தால் 3 மீட்டருக்கு நன்றாக ஏற்றும் என்று நினைக்காதீர்கள். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்பதுதான் அதன் பொருள். 100 டிகிரி தாங்குமா என்றும் பாருங்கள். குழாய் உணவுத் தர சிலிக்கோன், இணைப்புகள் துருப்பிடிக்காத எஃகு. கொம்புச்சா புளிப்பு என்பதால் பித்தளை கூடாது.

இவ்வளவும் சொன்னாலும், உங்களுக்குப் பம்பே தேவைப்படாது என்பதுதான் என் எண்ணம். 5 லிட்டரில் சர்க்கரையோடு தேநீரைக் கெட்டியாகக் காய்ச்சி, முன்பே கொதிக்க வைத்து ஆறிய 15 லிட்டர் தண்ணீரைக் கலந்துவிடுங்கள். அடியில் குழாய் வைத்த பானையில் கலந்து மேசைமேல் வைத்தால், கீழே இருக்கும் ஜாடிக்குத் தானாக இறங்கும். ஜாடிகள் மேல் அடுக்கில் இருந்தால் மட்டும் பம்ப் வாங்குங்கள்.

கேள்வி: உள்ளூர் இணையக் கடையில் 240 வோல்ட் என்று போட்டிருந்த பம்பை வாங்கினேன். வந்தது 110 வோல்ட். பணத்தைத் தர மறுக்கிறார்கள்.

பதில்: அதைச் சுவரில் சொருகாதீர்கள், மோட்டார் கருகிவிடும். விளம்பரத்தில் சொன்னதும் கைக்கு வந்ததும் வேறாக இருந்தால், மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். முதலில் எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். விளம்பரப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் இன்றே படம் பிடித்து வையுங்கள், பம்பின் மேல் ஒட்டியிருக்கும் வோல்டேஜ் சீட்டையும் சேர்த்து.