8 இன்ச் ரிம்மில் 265 டயர் போடலாமா?

கேள்வி: என் காரில் நான்கு பக்கமும் 18 இன்ச் விட்டம், 8ஜே (அதாவது 8 இன்ச் அகலம்) அலாய் ரிம். கம்பெனி கொடுத்த 235/40ஆர்18 டயர்கள் தேய்ந்துவிட்டன. அவ்வப்போது டிராக்கிலும் ஓட்டுவதால் கிரிப் கூடட்டும் என்று 265/35ஆர்18 வாங்க நினைக்கிறேன். கணக்குப் போட்டால் உயரமும் கிட்டத்தட்ட அதேதான் வருகிறது. ரிம்மில் ஏறுமா?

பதில்: ஏறும். ஆனாலும் போடாதீர்கள்.

உங்கள் உயரக் கணக்கு சரிதான். 235/40ஆர்18-இன் விட்டம் சுமார் 645 மி.மீ., 265/35ஆர்18-க்கு சுமார் 643. ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. சிக்கல் அகலத்தில். டயரில் எழுதியிருக்கும் 265 (மி.மீ.-இல் அகலம்) என்பது எந்த ரிம்மில் மாட்டினாலும் அப்படியே இருக்கும் எண் இல்லை. அந்த சைஸுக்கென்று குறித்த ஒரு ரிம்மில் மாட்டி அளப்பதுதான் வழக்கம், 265/35ஆர்18-க்கு அந்த ரிம் 9.5 இன்ச். அனுமதிக்கப்பட்ட வரம்பு 9 முதல் 10.5 வரை. உங்கள் 8 இன்ச் அந்த வரம்புக்குள்ளேயே வரவில்லை, அதுவும் ஒரு முழு இன்ச் குறைவு.

ரிம் அரை இன்ச் குறைந்தால் டயரின் உடல் அகலம் தோராயமாக 5 மி.மீ. சுருங்கும். 9.5-இலிருந்து 8-க்கு இறங்கினால் 15 மி.மீ. போச்சு. அதாவது 265-க்குக் காசு கொடுத்துவிட்டு 250-ஐ ஒட்டிய அகலத்தில் ஓட்டுவீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மோசமானது அடுத்து வருவது: இரண்டு பீடும் (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்புகள்) நெருங்கி உட்காரும்போது சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், வெளியே பிதுங்கும், தரையைத் தொடும் ட்ரெட்டின் நடுப்பகுதி மேடாகும், அதனால் சுமை நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் விழும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது டயரின் அடிப்பக்கம் தரையைப் பிடித்திருக்க ரிம் மட்டும் பக்கவாட்டில் நகரும், ஸ்டியரிங் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவில் ஒரு தொய்வு வரும், டயரின் ஓரங்கள் சீக்கிரம் கரையும். எந்த கிரிப்புக்காக அகல டயர் வாங்கினீர்களோ அதில் ஒரு பங்கை ரிம்மே தின்றுவிடும்.

குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்துப் போட்டியிடுபவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம், அது உண்மைதான். அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்ற கார் பந்தய அமைப்பு நடத்தும் ஆட்டோகிராஸில் (கூம்புகளுக்கு நடுவே ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) ஸ்ட்ரீட் பிரிவுக் கார்கள் ரிம் அகலத்தை மாற்ற விதி இடம் தராது, டயரை மாற்றலாம். அதனால் வேறு வழியில்லாமல் செய்கிறார்கள், ஒரு நிமிடம் போல ஓடும் ஓட்டத்தில் அது சில கார்களுக்குப் பலனும் தரும். உங்களுக்கு அந்த விதி இல்லையே, அப்புறம் எதற்கு அந்தச் சமரசம்?

கார் தயாரிப்பவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஹோண்டா சிவிக் டைப்-ஆர், எஃப்கே8 தலைமுறையில் 8.5 இன்ச் ரிம்மில் 245 டயரோடு வந்தது. அடுத்து வந்த எஃப்எல்5-இல் 265 போட்டபோது ரிம்மையும் 9.5 ஆக்கினார்கள். டயரில் 20 மி.மீ. கூட்ட ரிம்மில் ஒரு முழு இன்ச் கூட்டியிருக்கிறார்கள்.

சரி, உங்களுக்கு இரண்டு வழி. இருக்கிற ரிம்மையே வைத்துக்கொள்வதானால் 235-ஐ விடாதீர்கள், அதிகபட்சம் 245/40ஆர்18. அதன் வரம்பு 8 முதல் 9.5 என்பதால் உங்கள் ரிம் கீழ் எல்லையில் நிற்கிறது, ஆனால் உள்ளேதான். விட்டம் 8 மி.மீ. கூடும், எனவே ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) பக்கமும் ஃபெண்டர் லைனரிலும் (சக்கரத்துக்கு மேலே உள்ள உள் உறை) இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அந்தப் பணத்தை அகலத்தில் போடுவதைவிட ரப்பரில் போடுவேன்: நல்ல டிராக் காம்பவுண்டில் ஒரு 235, சாதாரண ரோட்டு டயர் 265-ஐ உலர்ந்த தளத்தில் பின்னுக்குத் தள்ளிவிடும்.

265-தான் வேண்டும் என்றால் முதலில் ரிம் வாங்குங்கள், 9.5ஜே. இங்கேதான் நிறையப் பேர் ஆஃப்செட்டை மறந்துவிடுகிறார்கள், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதை; ரிம்மில் ஈடி என்று எழுதியிருக்கும். 8-இலிருந்து 9.5-க்குப் போனால் ரிம் 38 மி.மீ. அகலமாகிறது, ஆஃப்செட் எண்ணை மாற்றாவிட்டால் உள்ளே 19, வெளியே 19 என்று பிரியும். உதாரணமாக பழைய ரிம் ஈடி45, புதியது ஈடி38 என்றால் மொத்தமும் 7 மி.மீ. வெளியே தள்ளப்படும், உள்ளே 12, வெளியே 26. இந்த எண்களைப் போட்டுப் பார்க்காமல் ரிம் வாங்காதீர்கள். இப்போதைய ரிம்முக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம், டயருக்கும் ஃபெண்டர் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று முதலில் அளந்து எழுதி வையுங்கள். டயரின் வயிறு ரிம்மைவிடப் புடைத்து நிற்கும், அதற்கும் இடம் விடுங்கள்.

எதிர்ப்பக்கம் போய் 9.5 ரிம்மில் 225 போன்ற ஒடுங்கிய டயரை இழுத்து மாட்டுவதும் வேண்டாம். சைடுவால் சாய்ந்து நிற்பதால் காற்று குறைந்த நேரத்தில் பீடு கழன்றுவிடும் ஆபத்து உண்டு, குழியில் இறங்கினால் அடி நேராக ரிம்முக்குத்தான்.

இன்னும் இரண்டு விஷயம். லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) கம்பெனி கொடுத்ததற்குக் கீழே போகக் கூடாது. பழைய டயரில் 95 என்றிருந்தால் அது ஒரு டயருக்கு 690 கிலோ, புதியதிலும் 95 அல்லது அதற்கு மேல் கேளுங்கள். அப்புறம், ஒரே 265 என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி உண்மையான அகலம் வேறுபடும், சிலது சில மி.மீ. அகலமாகவே வரும். வாங்கப்போகும் மாடலின் விவரத் தாளில் செக்‌ஷன் அகலமும் (டயரின் உடல் அகலம்), எந்த ரிம்மில் அளந்தார்கள் என்பதும், ரிம் வரம்பும் இருக்கும். நீங்கள் எழுதி வைத்த இடைவெளியை அதோடு ஒப்பிட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.