தண்ணீர் மறுக்கும் வீரம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்து எழுதுகிறேன். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன், பயாலஜி குரூப். சின்ன வயதிலிருந்தே கபடி ஆடுகிறேன், ரைடர். மாவட்டப் போட்டிகளில் ஆடியிருக்கிறேன். விளையாட்டு அறிவியல் பட்டப்படிப்பில் சேர ஆசை. வீட்டில் அதனால் சண்டை. அப்பா முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்குகிறார். "விளையாட்டுல படிக்க என்னடா இருக்கு? பி.டி. மாஸ்டர் ஆகறதுக்கு எதுக்கு சயின்ஸ்?" என்று கேட்கிறார். மாமா பாலிடெக்னிக்கில் சேரச் சொல்கிறார். பிசியோதெரபிதான் மேல் என்கிறார்கள் சிலர். இந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருவார்கள், வேலை கிடைக்குமா, என் ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்க முடியுமா என்று தெரியவில்லை.

எனக்கு மன உறுதி உண்டு ஐயா. எங்கள் கோச் பயிற்சி முடியும்வரை தண்ணீர் குடிக்க விடமாட்டார், மே மாதத்திலும் அப்படித்தான். அதனால்தான் எங்கள் டீமுக்கு ஸ்டாமினா அதிகம். போன போட்டிக்கு முன்னால் என் எடை வரம்பைத் தாண்டிவிட்டது. ஒருநாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல், மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஓடி இறக்கினேன். இந்த உறுதி படிப்பிலும் கைகொடுக்கும் என்று நம்புகிறேன்.

கே.

*

அன்புள்ள கே,

நீ என்றே எழுதுகிறேன். என் பிள்ளைகளைவிடச் சின்னவன் நீ.

என்ன படிக்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உன் கடிதத்தின் கடைசிப் பத்தி என்னை விடவில்லை. இந்தக் கோடை முழுக்க மஞ்சக்குப்பம் மைதானத்தைத் தாண்டும்போதெல்லாம் எதை நினைத்து வயிறு எரிந்துகொண்டிருந்தேனோ, அதையே நீ பெருமையாக எழுதியிருக்கிறாய்.

முதலில் உன் கேள்விகள். ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படாதே. எலும்புக்கும் தசைக்கும் உள்ள பெயர்களெல்லாம் லத்தீனும் கிரேக்கமும்தான். கான்வென்டில் படித்தவனும் உன் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றை உருப்போடத்தான் வேண்டும். பிசியோதெரபி வேறு, அடிபட்டவருக்குச் சிகிச்சை தருவது அவர்கள் வேலை. பி.பி.எட். என்பது உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி, அதுவும் வேறு. மூன்றையும் குழப்பிக்கொண்டு ஒன்றில் சேர்ந்துவிட்டுப் பிறகு அழாதே. வேலை என்றால் அணிகளில், உடற்பயிற்சிக் கூடங்களில், இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி தரும் மருத்துவமனைப் பிரிவுகளில் இடம் உண்டு. சம்பளத்தை என்னிடம் கேட்காதே. படித்து முடித்தவர்கள் நாலு பேரைத் தேடிப்பிடித்துக் கேள்.

சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2004இல் சட்டம் போட்டு உண்டாக்கியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் உடற்கல்வித் துறைகள் உண்டு. எங்கே சேர்ந்தாலும் பாடத்திட்டத்தை முன்பே வாங்கிப் பார். உடலியங்கியல் ஆய்வகமும் புள்ளியியலும் அதில் இருக்கவேண்டும். அவை இல்லையென்றால் பெயரில் மட்டும்தான் அறிவியல். அவ்வளவுதான் இதில் நான் சொல்வது.

சரி, அந்தக் கடைசிப் பத்திக்கு வருகிறேன்.

தண்ணீர் குடிக்காமல் ஓடுவது மன உறுதி என்று உனக்கு யார் சொன்னது? பயாலஜி படித்தவன்தானே நீ? ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினாய் அல்லவா? மைதானத்துக்கு வரும்போது அந்தப் பாடத்தை எங்கே கழற்றி வைத்துவிட்டு வந்தாய்?

கேள். தசை செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நாலில் ஒரு பங்குதான் ஓட்டமாகவும் பாய்ச்சலாகவும் மாறுகிறது. மிச்சமெல்லாம் சூடு. தசை இயங்கும்போது உண்டாகும் இந்தச் சூட்டை ஆராய்ந்ததற்காகத்தான் இங்கிலாந்துக்காரர் ஏ.வி. ஹில்லுக்கு 1922ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பிறகு அவர் புல்தரையில் தானே ஓடி, தன் மூச்சைப் பையில் பிடித்து, ஓடும் மனிதன் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று அளந்தார். நீ ஸ்டாமினா என்று சொல்வதை இன்றைக்கு ஆய்வகத்தில் அளக்கும் முறை அந்த வழியில் வந்ததுதான். நோபல் வாங்கிய மனிதர் தன் உடம்பையே ஓடவிட்டு அளந்திருக்கிறார். நீ அளக்காமலேயே 'அதனால்தான் ஸ்டாமினா' என்று எழுதுகிறாய்.

அந்தச் சூடு வெளியேற வியர்வை தோலின்மேல் காயவேண்டும். ஒரு லிட்டர் வியர்வை காய்ந்தால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். சொட்டி மண்ணில் விழுந்தால் ஒன்றும் போகாது. நம் ஊரில் கடல்காற்றே ஈரத்தோடுதான் வருகிறது. வியர்வை காய்வதில்லை, ஒழுகுகிறது. உடம்பு குளிரவும் இல்லை, தண்ணீரும் போய்விட்டது. அந்தத் தண்ணீர் ரத்தத்தில் இருந்து போனது. ரத்தம் குறைந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் குறைவாகவே தள்ளமுடியும், ஆகவே இன்னும் வேகமாக அடிக்கிறது. ஓடுவதற்குத் தசை ரத்தம் கேட்கிறது, சூட்டை வெளியேற்றத் தோலும் கேட்கிறது, இரண்டுக்கும் போதவில்லை. 60 கிலோ எடையுள்ளவன் உடம்பில் 1.2 கிலோ தண்ணீர் குறைந்தாலே வெயிலில் தொடர்ந்து ஆடும் திறன் இறங்க ஆரம்பிக்கிறது. உங்கள் கோச் உங்களுக்கு ஸ்டாமினா ஏற்றவில்லை தம்பி, இறக்கிக்கொண்டிருக்கிறார்.

வெயிலுக்கு உடம்பு பழகும் என்பது உண்மை. 10 முதல் 14 நாள் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி செய்தால் வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். ஆனால் அந்தப் பழக்கம் வருவதற்கே தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாமைக்கு எந்த உடம்பும் பழகுவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் நம் மைதானங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைத் தாகத்தோடு விரட்டியிருக்கிறார்கள்.

இது நம் ஊர் மூடத்தனம் மட்டும் அல்ல. மேல்நாட்டிலும் ஒரு காலத்தில் மாரத்தான் ஓடுகிறவர்களை வழியில் தண்ணீர் குடிக்காதே என்றுதான் சொன்னார்கள். பிறகு மறுபக்கம் சாய்ந்தார்கள்: தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே, முடிந்தவரை குடித்துக்கொண்டே இரு. அதிலும் ஆபத்து வந்தது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் உப்புச்சத்தான சோடியம் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே போயிருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களிடம் அது அதிகம். அந்த வருடம் ஒரு பெண் அதனாலேயே இறந்தும் போனார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீ சேர நினைக்கும் படிப்பு இப்படித்தான் நடக்கிறது. ஒரு விதியைச் சொல்வார்கள், அளப்பார்கள், தப்பென்றால் மாற்றுவார்கள். 'எங்க வாத்தியார் சொன்னாரு' என்பதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது. அதற்கு நீ தயாரா என்பதுதான் என் கேள்வி, உன் ஆங்கிலம் அல்ல.

என்னோடு படித்த ஒருவன். முதுநகர்க்காரன், உன் அப்பா வேலை செய்யும் பக்கம்தான். ஒரு மே மாதம் ஓட்டப்போட்டி வைத்தார்கள். காலை ஆறரைக்கு என்று நோட்டீசில் இருந்தது. கொடியசைக்க வரவேண்டியவர் வரவில்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே வைத்திருந்தார்கள். ஆரம்பிக்கும்போது பத்தைத் தாண்டிவிட்டது. அவன்தான் முதலில் வந்துகொண்டிருந்தான். கடைசிச் சுற்றுகளில் கோட்டை விட்டு விலகி ஓடினான். நடத்திக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து அசிங்கமாக ஏதோ சொன்னான். வாய் திறந்து பேசாத பையன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் வந்து கன்னத்தில் அறைந்தார். அறை வாங்கியும் என்ன நடந்தது என்று தெரியாமல் அவரையே பார்த்தான், விழுந்தான். உடம்பு கொதித்தது, வியர்வையும் கொட்டிக்கொண்டிருந்தது. "தண்ணி கிட்ட கொண்டு போகாதீங்க, நெஞ்சு அடைச்சிடும்" என்று ஒருவர் தடுத்தார். வேன் கிடைக்க வெகுநேரம் ஆனது. மைதானத்தின் மூலையிலேயே சிமெண்ட் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது.

அவன் பிழைத்தான். சிறுநீரகம் கெட்டு மாதக்கணக்கில் கிடந்தான். அதற்குப் பிறகு ஓடவே இல்லை.

அன்று அங்கிருந்தவர்களில் ஒருவருக்காவது உன் பாடத்தில் வரப்போகும் ஒரு பக்கம் தெரிந்திருந்தால் போதும். வெயிலில் ஓடுகிறவன் திடீரென்று உளறினால், கோபப்பட்டால், தள்ளாடினால் அது திமிர் அல்ல, மூளை சூடாகிறது. உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்க்கிறதே என்று ஏமாறக்கூடாது. நினைவு தடுமாறுகிறவன் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. அவனைத் தூக்கிக் கழுத்துவரை குளிர்ந்த தண்ணீரில் வைக்கவேண்டும். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அங்கேயே, அந்த நிமிடமே. முதலில் குளிர வை, பிறகு கொண்டுபோ என்பதுதான் இன்றைய விதி. அரைமணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இத்தனை ஐஸ் புழங்கும் ஊரில், எந்த மைதானத்திலாவது கோடைப் பயிற்சியின்போது ஒரு பெரிய தொட்டியும் இரண்டு பார் ஐசும் வைத்துப் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை.

அப்புறம் அந்த மழைக்கோட்டு. படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. 1997 கடைசியில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், சுமார் ஐந்து வாரத்துக்குள், ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். நீ செய்ததைத்தான் செய்தார்கள். எடை வரம்புக்குள் வரத் தண்ணீரைக் குறைத்து, காற்றுப் புகாத உடை போட்டுக்கொண்டு, சூட்டில் உடற்பயிற்சி. மூவரும் உன்னைவிடச் சில வயது மூத்தவர்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அங்கே அந்த உடைகளைத் தடை செய்தார்கள், எடை பார்ப்பதைப் போட்டி நேரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். ஒருநாளில் நீ இறக்கியது கொழுப்பு அல்ல, உன் உடம்பின் தண்ணீர். போட்டியில் எத்தனை ரைடில் மாட்டினாய் என்பதை எழுதவில்லையே, ஏன்?

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். விளையாட்டில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார். இந்தப் படிப்பு விளையாடுகிறவர்களைப் பற்றியது மட்டும் என்று அவர் நினைக்கிறார், நீயும் அப்படித்தான் நினைக்கிறாய். 1953இல் ஜெர்மி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்கிறவர்களை ஆராய்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை உலகம் பேசத் தொடங்கியது பதக்கம் வாங்கியவர்களை வைத்து அல்ல, டிக்கெட் கிழித்தவர்களை வைத்து.

மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்கள் இளம் வயதிலேயே சிறுநீரகம் கெட்டு இறந்திருக்கிறார்கள். வெயிலில் இடைவிடாத உழைப்பும் தண்ணீர் இழப்பும் அதற்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் வேலையிடத்தில் கட்டாயமாக்கிப் பார்க்கும் திட்டங்களை அங்கே நடத்துகிறார்கள். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு லோடு அனுப்பும் வயல்களில் வெட்டுகிறவர்களுக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நிழல் கிடைக்கிறது? அவர்கள் ஒருநாளில் எவ்வளவு வியர்க்கிறார்கள்? நம் பிள்ளை ஒருவன் படித்துவிட்டு வந்து அளக்கவேண்டும். துறைமுகத்தில் பெட்டி தூக்குகிறவர்களின் இதயம் நடுப்பகலில் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று அளக்கவேண்டும். இந்தியா எத்தனை பதக்கம் வாங்கும் என்பதைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. எனக்கு வேண்டியது இதுதான்.

உன் அப்பாவிடம் ஒன்று கேள்: வேலைக்கு நடுவில் தண்ணீர் குடிக்காமல் உங்களால் முடியுமா? சிரிப்பார். வெயிலில் உழைக்கிறவர்கள் காலையில் கல் உப்புப் போட்ட நீராகாரம் குடித்துவிட்டுப் போகிறார்கள், நடுவில் மோர் குடிக்கிறார்கள். நீரும் உப்பும் போனால் நீரும் உப்பும் வேண்டும் என்று உழைக்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. விசில் ஊதுகிறவனுக்குத்தான் தெரியவில்லை. உன்னுடைய முதல் ஆசிரியர் வீட்டிலேயே இருக்கிறார். அவரோடு போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாய். அவரை ஒருநாள் மேலக்கோட்டையூருக்குக் கூட்டிப்போ. ஆய்வகத்தைக் காட்டு. மூச்சை அளக்கும் கருவியைக் காட்டி, "உங்க உடம்பப் பத்தின படிப்புதான்பா இது" என்று சொல்.

உன் கோச்சை எதிர்த்துப் பேசாதே. அவருடைய கோச் அவருக்குச் சொன்னதை அவர் உங்களுக்குச் சொல்கிறார். ஒரு வாரம் பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பார்த்து எழுதிவை. உன் கூட ஆடும் பையன்களையும் பார்க்கச் சொல். அந்த நோட்டை அவரிடம் கொண்டுபோய்க் கொடு. ஒவ்வொருவனும் ஒரே சாயங்காலத்தில் எவ்வளவு இழந்தான் என்று எண்களில் பார்த்தால் அவரும் யோசிப்பார். அவர் கெட்டவர் இல்லை என்றுதான் உன் கடிதத்தில் இருந்து எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அடுத்த போட்டிக்கு மறுபடியும் மழைக்கோட்டுப் போடச் சொன்னால் முடியாது என்று சொல். டீமில் இருந்து எடுத்துவிடுவேன் என்றால் எடுக்கட்டும். அன்றைக்கே எனக்கு எழுது. நான் மைதானத்துக்கு வந்து அவரிடம் பேசுகிறேன்.

அன்புடன்